டொக்டர் சொல்லுமட்டும்

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் பொன்மலர். முப்பது வருடத்துக்கு மேலாகத் தாதி வேலை பார்த்தவள். பிணத்துக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்திருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். எங்கள் வீட்டில் வேதப்புத்தகம் வாசிப்போம், நேரத்துக்குப் படுப்போம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் இன்றைக்கும் இருட்டில் மண் வாசனை வந்தால் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். மழை பெய்த மண்ணின் வாசனை இல்லை. காய்ந்த மண். அடியிலிருந்து கிண்டி எடுத்த மண்...

அன்றைக்கு என்னோடு அதைக் கண்டவர்களில் ஏரம்பண்ணை செத்துப்போனார். கிறகோரி நோர்வேயில் இருக்கிறான். தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைப்பான். அந்த நாளைப் பற்றி எடுத்தால் மட்டும் லைனை வெட்டிவிடுவான்.

1990ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். ஊரின் பெயர் வேண்டாம். அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நீர்வேலி வாழைத்தோட்டங்களிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தோம். பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினால் அதுதான் கட்டில். நல்ல இரும்புக் கட்டில் மூன்றே மூன்று. கரண்ட் இல்லை. விஞ்ஞானகூடத்துச் சீமெந்து மேசையில் ஒப்பரேசன் நடக்கும். பிள்ளைகள் சோதனை செய்து பழகிய கண்ணாடிக் குழாய்களை அவித்து எடுத்து, அவற்றில் நாங்கள் இரத்தம் பார்ப்போம்.

எங்களுக்கு இருந்த ஒரே டொக்டர் அடைக்கலநாதன். கட்டை மனிதர். சுருட்டுப் பிடித்துப் பிடித்துக் குரல் கரகரத்துப் போயிருக்கும். எந்தச் சின்னப் பிள்ளை வந்தாலும் "என்ன பெரியவர், எப்பிடிச் சுகம்?" என்றுதான் கேட்பார். வீறிட்டு அழுகிற பிள்ளையும் ஒரு கணம் அழுகையை விட்டுவிட்டு, இந்த ஆள் யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்க்கும்.

அன்று காலையிலிருந்தே மழை. மழைக்குள் பொம்பர் வராது என்று நினைத்திருந்தோம். பிற்பகல் மூன்று மணியளவில் வந்தது. ஒரு குண்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. யன்னல் சட்டங்கள் கடகடவென்று ஆடின. கூரையிலிருந்து ஓட்டுத்தூள் கொட்டியது. பிறகு மழைச் சத்தம் மட்டும். அதற்குப் பிறகு, தூரத்தில், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் டக்... டக்... டக்...

எங்களுக்குக் காயக்காரரை ஏற்றிவரும் கிறகோரிதான் ஓட்டி வந்தான். பின்பெட்டியில் காயக்காரர்கள். ஒருவர் வழியிலேயே முடிந்துவிட்டார். ஒரு பெண்ணுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. பெட்டியின் அடிப்பலகையில் மழைத்தண்ணீரும் இரத்தமும் கலந்து, ஓட்டை வழியாக நிலத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு பையன் கிடந்தான். எட்டு வயதிருக்கும். வலது தொடையின் மேற்பக்கம் கவட்டுக்குக் கிட்ட, ஒரு கை உள்ளே போகக்கூடிய அளவுக்குப் பிளந்திருந்தது.

அந்தப் பிளவுக்கு மேலே இரண்டு கைகள் அழுத்திப் பிடித்திருந்தன.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை. பெட்டிக்குள் முழங்காலில் இருந்தாள். தலை குனிந்திருந்தது. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டிருந்தாள். அவள் பிடித்திராவிட்டால் பையன் அந்தப் பெட்டியிலேயே முடிந்திருப்பான். பார்த்த உடனேயே அது எனக்கு விளங்கியது. அதனால் கையை எடுக்கச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அவனைத் தூக்கினோம். அவளும் பிடித்தபடியே கூட நடந்து வந்தாள்.

டொக்டர் அவளைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை நீ? அக்காவோ?"

"ஓம்."

"பேரென்ன?"

"வதனி. இவன் நிரூபன்."

குரல் ஒரு மாதிரி இருந்தது. நாலைந்து பாயைப் போட்டு மூடிவிட்டு அடியில் இருந்து கதைப்பதுபோல. அழுது தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"வதனி, நான் உன்ரை கைக்குக் கீழைதான் வேலை செய்யப்போறன். நான் சொல்லுமட்டும் நீ கையை எடுக்கக்கூடாது. வேறை ஆர் சொன்னாலும் எடுக்காதை. விளங்கிச்சோ?"

"ஓம்."

டொக்டர் வேகமாக வேலை செய்தார். அறுந்த குழாய்களைத் தேடிப் பிடித்துக் கட்டினார். உள்ளே தைத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அதோடு இரத்தம் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

தைத்த இடத்தில் கசிந்தது. தையல் ஊசி போய்வந்த ஒவ்வொரு துவாரத்திலும் கசிந்தது. சேலைன் ஏற்றிய கையில், ஊசிக்குப் பக்கத்தால் வழிந்தது. பல் முரசால் வந்தது. மூக்கால் வந்தது. துணி வைத்தால் துணி நனைந்தது. அதற்குமேல் இன்னொன்று வைத்தால் அதுவும் நனைந்தது. பீறிட்டுப் பாயவில்லை. ஊறியது. உடம்பு முழுவதும் ஓட்டை விழுந்ததுபோல் ஊறிக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளையின் கை அழுத்திய இடத்தில் மட்டும் ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

"மிஸ்ஸி, ஒரு குழாயிலை கொஞ்சம் எடுத்து வையும்," என்றார் டொக்டர்.

நல்ல இரத்தம் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடத்துக்குள் தயிர்போல் கட்டிபட்டுவிடும். குழாயைச் சரித்தாலும் ஓடாது. நாங்கள் காத்திருந்தோம். நேரம் முடிந்ததும் டொக்டர் குழாயை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துச் சரித்தார்.

தண்ணீர்போல் ஓடியது.

"உறையேல்லை," என்றார்.

"உறையேல்லை," என்றாள் வதனியும். தலையை நிமிர்த்தாமலேயே.

டொக்டர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் மெல்லச் சொன்னார். "காயம் பெரிசு. பிள்ளை மழையிலை கிடந்து குளிர்ந்தும் போச்சு. ரத்தத்தை உறைய வைக்கிற சாமான் எல்லாம் உடம்பிலை முடிஞ்சிட்டுது. நாங்களும் சேலைன் எண்டு தண்ணியைத்தான் ஏத்தியிருக்கிறம். இனித் தைச்சுப் பிரயோசனம் இல்லை. ஆளின்ரை உடம்பிலை இருந்து இப்பவே எடுத்த ரத்தம் வேணும். சூட்டோடை ஏத்தவேணும்."

"எவ்வளவு நேரம் தாங்குவான்?"

"அந்தப் பிள்ளையின்ரை கை தாங்குமட்டும்."

ஏரம்பண்ணையை ஆள் பிடித்துவர அனுப்பினோம். அவர் எங்களுடைய சிற்றூழியர். ஐம்பது வயது, எருமைப் பலம். மழைக்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். சுடுதண்ணீரைப் போத்தல்களில் ஊற்றித் துணியால் சுற்றிப் பையனைச் சுற்றி அடுக்கினோம். சாக்கு, சீலை, கிடைத்ததெல்லாம் போட்டு மூடினோம். டொக்டர் தான் போட்டிருந்த சேட்டையும் கழற்றிப் போட்டார். பையனுடைய இரத்தமும் என்னுடையதும் ஒரே வகை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன். டொக்டர் ஊசியை ஏற்றினார்.

அப்போதுதான் வதனியை முதன்முதலாகக் கிட்ட இருந்து பார்த்தேன்.

லாண்ட்மாஸ்டரில் வந்தவர்கள் எல்லோரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். அவர்களை இறக்கிய நானும் நனைந்திருந்தேன். அவள் நனையவில்லை. பாவாடை காய்ந்திருந்தது. தலைமயிர் காய்ந்திருந்தது. மயிருக்குள் முழுக்க மண். செம்மண். அது பொருபொருவென்று கட்டில் சீலையில் கொட்டிக்கொண்டிருந்தது. காயத்துக்குக் கிட்ட மண் விழக்கூடாதே என்று மற்றக் கையால் தட்டிவிட்டேன். திரும்பக் கொட்டியது. தட்டினேன். திரும்பவும் கொட்டியது...

"பிள்ளை, தலையை அங்காலை பிடி," என்றேன்.

அவள் அசையவில்லை. மூச்சு விடும்போது முதுகு ஏறி இறங்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை. இறங்கவில்லை. எனக்குத் தலை சுற்றியது. இரத்தம் கொடுத்ததால்தான் இப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்ததாகக் கிறகோரி இரத்தம் கொடுக்க வந்தான். அதே கதிரை. கையை நீட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்ஸி, உந்தப் பிள்ளை ஆர்?"

"இவன்ரை அக்கா. உம்மோடைதானே வந்தவள்?"

"என்னோடையோ?" அவன் குரலைத் தாழ்த்தினான். "இவன் றோட்டுக்கரையிலை தனியக் கிடந்தவன். நான்தான் தூக்கிப் பெட்டியிலை போட்டனான். உந்தப் பிள்ளை என்ரை பெட்டியிலை ஏறேல்லை."

"இடையிலை ஏறியிருப்பாள்."

"நான் இடையிலை ஒரு இடமும் நிப்பாட்டேல்லை, மிஸ்ஸி."

எனக்கு வேலை இருந்தது. இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பயப்பட நேரமில்லை.

இரண்டாவது குழாயைச் சரித்தபோது இரத்தம் கொஞ்சம் கட்டிபட்டிருந்தது. ஆனால் கஞ்சிபோல உடைந்து ஓடியது. "பிடிக்குது, பிடிக்குது," என்றார் டொக்டர். அவருடைய முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சிரிப்பைக் கண்டேன். ஏரம்பண்ணை இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களிடமும் எடுத்தோம். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. பெற்றோல்மாக்ஸைக் கொளுத்திக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டேன்.

பக்கத்து வகுப்பறையில் கை போன பெண் கத்தினாள்.

"பெரியவரைப் பாத்துக்கொள்ளும், மிஸ்ஸி. இப்ப வாறன்," என்று சொல்லிவிட்டு டொக்டர் போனார்.

அவர் விறாந்தையைத் தாண்டியிருக்க மாட்டார். உய்ய்ய்... என்று ஒரு விசில். ஷெல்.

முற்றத்தில் விழுந்தது. சுவர் என்னை அறைந்ததுபோல் இருந்தது. காது அடைத்துவிட்டது. எழுந்து ஓடினேன். விறாந்தையில் டொக்டர் மல்லாந்து கிடந்தார். கழுத்தின் முன்பக்கம் இல்லை. இரண்டு கையாலும் பொத்தினேன். விரலுக்கிடையால் பாய்ந்தது. என் முகத்தில் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். சத்தம் வரவில்லை. சத்தம் வருகிற இடமே அவருக்கு இல்லை.

என் கைக்குள்ளேயே முடிந்துவிட்டார்.

நானும் ஏரம்பண்ணையும் அவரைத் தூக்கிப் பக்கத்து வகுப்பறையில் இரண்டு வாங்குகளுக்கு மேல் கிடத்தினோம். கண்ணை மூடினேன். வாய் திறந்தபடி கிடந்தது. பன்டேஜ் துணியால் தாடையையும் தலையையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். இரண்டு முடிச்சு. வெள்ளைத் துணியால் மூடினோம். அங்கே கிடந்த பெண்ணைத் தூக்கி மற்றப் பக்கம் கொண்டுபோய்விட்டுக் கதவைச் சாத்தினோம். என் முழங்கை வரை அவருடைய இரத்தம். அதற்குள்ளாகவே கறுத்துக் கட்டிபட்டுவிட்டது. நகத்தால் உரித்து எடுத்தேன்.

அழ நேரமில்லை. பையனிடம் ஓடினேன்.

வதனி அதே இடத்தில். அதே மாதிரி. அவ்வளவு பெரிய வெடிக்கும் அவள் தோள்கூட அசைந்திருக்கவில்லை.

பையனின் முரசைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. ஊசிக்குப் பக்கத்தில் வைத்த துணி நனையவில்லை. மூன்றாவது குழாயை எடுத்தேன். சரித்தேன். ஓடவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தேன். அப்போதும் விழவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

உறைந்துவிட்டது. பிள்ளை பிழைத்துவிட்டான்.

போர்வையை விலக்கினேன்.

கால் நீலம். பாதம் கறுத்துக்கொண்டு வந்தது. தொட்டால் ஐஸ். நாடி இல்லை. அவள் அழுத்திய அழுத்தத்தில் காலுக்கு இரத்தமே போகவில்லை. இனியும் விட்டால் கால் அழுகும். கழற்றவேண்டி வரும். கழற்ற இனி டொக்டர் இல்லை.

"வதனி, காணும் பிள்ளை. கையை எடு."

"டொக்டர் சொல்லேல்லை."

"ரத்தம் உறைஞ்சிட்டுது. இஞ்சை பார்." குழாயைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"டொக்டர் சொல்லேல்லை."

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மனிதக் கையை இழுத்தால் கொஞ்சமாவது இளகும். இது இளகவில்லை. நிலத்தில் புதைந்த வேரை இழுப்பதுபோல் இருந்தது. ஒரு விரலையாவது மடக்கிப் பார்த்தேன். என் நகம்தான் பிய்ந்தது.

ஏரம்பண்ணையைக் கூப்பிட்டேன். கிறகோரியும் ஓடி வந்தான். இரண்டு ஆம்பிளைகள். ஆளுக்கு ஒரு கை. கட்டில் சட்டத்தில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார்கள். கட்டில்தான் அசைந்தது. கிறீச்... என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். அவள் கைக்கு நேர் கீழே கட்டிலின் இரும்புச் சட்டம் வளைந்து தொய்ந்திருந்தது.

ஒரு சின்னப் பிள்ளையின் பாரத்துக்கு இரும்பு வளையுமா?

பையன் முழித்துவிட்டான்.

"அக்கா... நோகுது... விடக்கா..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. இன்னும் அழுத்தினாள். அவன் அலறினான். அந்த அலறல்... இப்போதும் என் காதில் நிற்கிறது. அவளுடைய நகங்கள் அவன் தோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

"விடடி!" என்று கத்தினார் ஏரம்பண்ணை. மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கைத் தூக்கினார். நான் தடுப்பதற்குள் அவளுடைய முழங்கைக்கு மேலே ஓங்கி அடித்தார்.

எலும்பு முறிகிற சத்தம் வரவில்லை.

தொப்.

காய்ந்த நிலத்தில் மண்வெட்டி விழும் சத்தம்.

அவளுடைய சட்டைக் கைக்குள்ளிருந்து மண் கொட்டியது. சரசரவென்று. நின்றபாடில்லை.

ஏரம்பண்ணை அலவாங்கைப் போட்டுவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். கிறகோரி சிலுவை அடையாளம் போட்டான். போட்டுக்கொண்டே இருந்தான்.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

அப்போதுதான் முகத்தை முழுதாகக் கண்டேன். மூக்குத் துவாரங்களுக்குள் மண். கண் இமைக்குள் மண். கண்ணை மூடவே முடியாத அளவுக்கு மண்.

வாயைத் திறந்தாள். மண் விழுந்தது.

"மூச்சு முட்டுது, மிஸ்ஸி..."

இன்னும் கொஞ்சம் விழுந்தது.

"எண்டாலும் எடுக்கமாட்டன். டொக்டர் சொல்லேல்லை."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் செத்துப்போனார் என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு எடுக்கவே மாட்டாளே! பையன் கத்துவதை நிறுத்திவிட்டான். முனகல் மட்டும்.

மழை விட்டிருந்தது. பெற்றோல்மாக்ஸின் உஸ்... சத்தம் மட்டும்.

பக்கத்து வகுப்பறையில் வாங்கு கிறீச்சிட்டது.

நாங்கள் மூன்று பேரும் கேட்டோம்.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தியது நான்தான்.

இன்னொருமுறை. கிறீச்...

பிறகு...

குரல்.

"வதனி."

கரகரத்த குரல். சுருட்டுக் குரல்.

"காணும் பிள்ளை. இனிக் கையை எடு."

தொண்டையில்லாத மனிதர்.

"பெரியவர் பிழைச்சிட்டார்."

வதனி சுவர்ப்பக்கம் பார்த்தாள்.

"ஓம், டொக்டர்."

எடுத்தாள்.

இரண்டு கையையும். ஒன்றாக.

விளக்கு அணையவில்லை. நான் கண்ணை மூடவில்லை. கையை எடுத்தாள், தம்பியின் நெற்றியைத் தொடப்போனாள்... தொடுவதற்குள் ஆள் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் ஒரு குவியல் செம்மண். முழங்கால் உயரத்துக்கு.

முதலில் காலைத்தான் பார்த்தேன். தாதிப் புத்தி அது. தொடையிலிருந்து ஒரு சிவப்பு மெல்லக் கீழே இறங்கியது. முழங்கால். கணுக்கால். பாதம். இளஞ்சூடு. விரலை வைத்துப் பார்த்தேன். நாடி துடித்தது. காயத்தில் ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை.

பிறகுதான் பக்கத்து வகுப்பறைக்குப் போனேன். ஏரம்பண்ணை வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். தனியாகத்தான் போனேன்.

டொக்டர் நாங்கள் கிடத்தியபடியே கிடந்தார். வெள்ளைத் துணி அசையவில்லை. துணியை விலக்கினேன். உடம்பு குளிரத் தொடங்கியிருந்தது. கழுத்து... அதே கோலம்.

நான் கட்டிய வாய்க்கட்டு அவிழ்ந்திருந்தது. இரண்டு முடிச்சும். துணி அவருடைய நெஞ்சுக்கு மேல் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

வாய் திறந்திருந்தது.

அன்றிரவு நாங்கள் மூன்று பேரும் ஒரே வாங்கில் இருந்தோம். விடிந்ததும் ஏரம்பண்ணை அந்த மண்ணை அள்ளிக்கொண்டுபோய் வேலிக்கரையில் கொட்டினார். ஏழெட்டுக் கடகப் பெட்டி மண் வந்தது.

நிரூபன் தேறி வந்தான். அக்காவைக் கேட்டான். வருவாள் என்று சொல்லி வைத்தேன். மூன்றாம் நாள் அவனுடைய தகப்பன் வந்தார். மார்க்கண்டு என்று பெயர். தோட்டக்காரர். நகக்கண் எல்லாம் செம்மண். விரல் நுனிகள் கிழிந்து புண்ணாகியிருந்தன. மகனைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"மகள் செத்துப் போயிட்டாள், மிஸ்ஸி. இவனுக்கு இன்னும் சொல்லேல்லை."

நிரூபனுக்குக் கேட்காமல் கதவைச் சாத்தினேன்.

"முதல் குண்டு விழேக்கை பங்கருக்குள்ளை ஓடினவள். பங்கர் இடிஞ்சு மேலாலை மூடிட்டுது. இவன் கடையடியிலை நிண்டவன். அக்கா, அக்கா எண்டு கத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். அப்பதான் ரெண்டாவது விழுந்தது. இவன் காயப்படேக்கை அவள் மண்ணுக்குக் கீழை. இவனை ஆரோ ஏத்திக்கொண்டு போயிட்டினம் எண்டு சனம் சொல்லிச்சுது. நாங்கள் ராத்திரி முழுக்க அவளைத்தான் கையாலை கிண்டினாங்கள். விடியத்தான் எடுத்தம்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். எதையோ கேட்க வந்து கேட்கத் தயங்குகிறார் என்று தெரிந்தது.

"அவளிலை ஒரு கீறல் காயம் இல்லை, மிஸ்ஸி. மூச்சடைச்சுத்தான் போனவள். ஆனா... ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் ரத்தம். பச்சை ரத்தம், தண்ணி மாதிரி. தாய் கழுவினவள். கழுவக் கழுவ வந்தது. சீலையாலை சுத்தினம், சீலை நனைஞ்சுது. நெருப்பு வைக்கிறமட்டும் சொட்டிக்கொண்டே கிடந்தது. கடைசிமட்டும் உறையேல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பங்கருக்குள்ளை அவள் தனியத்தான் இருந்தவள். அது ஆரின்ரை ரத்தம், மிஸ்ஸி?"